விழுந்தவர்களை எழுப்புகிறவன்

துவாரகா, புதுதில்லி
4 ஜூன் 2007

அன்புள்ள செழியா,

பைக் விபத்துக்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் மடல். வலது கையால் பேனா பிடிக்க வரவில்லை. இடது சுட்டுவிரலால் கணினியில் தட்டி அனுப்புகிறேன். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வே இல்லை. என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குச் சிந்து காலையில் என்னைத் துடைத்து, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மெட்ரோ பிடிக்க ஓடுகிறாள்.

பகலெல்லாம் உங்கள் கம்பெனியின் ஆன்லைன் ஆட்டத்தில்தான் இருக்கிறேன். நாம் சேர்ந்திருந்த முனிர்கா அறையில் நீ காகிதத்தில் வரைந்தாயே, அந்த வைத்தியன்தான் நான். சண்டையில் விழுந்தவன் வைத்தியன் வந்து எழுப்பும்வரை கிடக்க வேண்டும் என்று விதி வைத்தாய். நான் படுகிற பாடு! என் விரலோ மெதுவு. கான்பூர், ரோத்தக் பையன்கள் தரையில் கிடந்தபடி, "வைத்ஜி, ஜல்தி! ஜல்தி கரோ யார்!" என்று என்னை அவசரப்படுத்திக் கத்துகிறார்கள். கிழவன் செத்துவிட்டானா என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு முப்பத்தெட்டு என்று யார் சொல்வது? நேற்று கஞ்சி ஆறிப்போனது. என்னடா ஆட்டம் செய்து வைத்திருக்கிறாய்!

அன்புடன்,
மாணிக்கவாசகம்


சென்னை
20 ஜூலை 2007

அன்பு மாணிக்கம்,

உன் மடலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வைத்தியனுக்கு வேலை அதிகம், அவனுக்காக எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. எழுப்பும் திறனை அவனிடமிருந்து எடுத்துவிட்டோம். இனி விழுந்தவர்கள் பத்து விநாடியில் தாமாகவே எழுவார்கள். நீ நிதானமாகக் காயங்களுக்கு மருந்து போட்டால் போதும். யாரும் உன்னை விரட்ட மாட்டார்கள். கஞ்சியைச் சூடாகக் குடி.

உன்,
இளஞ்செழியன்


துவாரகா
2 செப்டம்பர் 2007

அன்புள்ள செழியா,

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரம் பழக்கத்தில் கூப்பிட்டார்கள். பிறகு, வைத்தியனுக்குப் பதில் இன்னொரு வாள்காரனைச் சேர்த்தால் சண்டை சீக்கிரம் முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். உண்மைதான்; நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது கோட்டை வாசலில் நிற்கிறேன். "ராம் ராம், வைத்ஜி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். யாரும் திட்டுவதில்லை.

என்னைத் துடைக்க ஆள் வேண்டும். திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். நான் வராமல் இன்னொருத்தன் எழ முடியாது என்பது அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. நான் எழுதியது புகார் இல்லையடா. பெருமை பேசினேன். என்னோடு ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியவில்லையா?

முடிந்தால் திருப்பிக் கொடு.

மாணிக்கம்


சென்னை
19 செப்டம்பர் 2007

அன்பு மாணிக்கம்,

மன்னித்துவிடு. கம்பெனியில் கேட்டேன், இருமுறை கேட்டேன். இப்போது சண்டைகள் வேகமாக முடிகின்றன, புதிய ஆட்கள் நிறையச் சேர்கிறார்கள், திரும்பக் கொடுத்தால் மற்ற ஆட்டக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்கிறார்கள். இந்த மாற்றத்துக்காக என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். கைதட்டினார்கள்.

நீ வாள்காரனாக மாறிப் பார்க்கிறாயா? அவனுக்கு ஒரே பொத்தான்தான்.

செழியன்


சென்னை
11 நவம்பர் 2007

அன்பு மாணிக்கம்,

எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. சிந்துவுக்குப் போன் செய்தேன். "கம்ப்யூட்டரைப் போடவே வேண்டாங்கிறார் அண்ணா. சுவரைப் பார்த்துத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்றார். உங்க பேரைச் சொன்னேன், கண்ணை மூடிக்கிட்டார்" என்றாள். வாள்காரனாக மாறு என்று உனக்கு எழுதியிருக்கக் கூடாது.

நேற்று நான் ஆட்டத்துக்குள் போனேன். நீ நின்ற வாசலில் காவல்காரனிடம் வேண்டுமென்றே வெட்டுப்பட்டு விழுந்தேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நீ வரும்வரை கிடக்கலாம் என்றிருந்தேன். பத்து விநாடியில் எழுந்து நின்றேன். மறுபடி விழுந்தேன். மறுபடி எழுந்தேன். யாரோ ஒரு பையன் பார்த்துவிட்டு, "பாகல் ஹை க்யா?" என்று, பைத்தியமா எனக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

உனக்காகக் காத்துக் கிடக்க அங்கே வழியில்லை மாணிக்கம். நான்தான் எடுத்துவிட்டேன்.

உன்,
செழியன்