லில்லி அக்காவின் கைலேஞ்சி

ஜூன் 17, செவ்வாய். இரவு.

ஸ்பெயினிலிருந்து வந்து நான்கு நாளாகிறது. இன்றுதான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் போய் லில்லி அக்காவிடம் அவருடைய கைக்குட்டையை, அந்தக் கைலேஞ்சியைத் திருப்பிக் கொடுத்தேன். சந்தியாகோ நகரத்துப் பெரிய கோயிலில் புனிதர் சந்தியோகுமையோர் சொரூபத்தின் தோளில் ஒற்றி எடுத்து வரச் சொல்லி, பயணத்துக்கு முன் அவர் தந்தது. நாளை அவருக்கு இருதய ஒபரேஷன்.

"நீர் சைவக்காரி எண்டாலும் எனக்காகச் செய்தனீர்," என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஓம் அக்கா, நானே வரிசையில நிண்டு ஒற்றினனான்," என்றேன்.

நான் நிற்கவேயில்லை. முழங்கால் வலியென்று கோயில் வாசலிலேயே இருந்துகொண்டு என் கணவரை அனுப்பினேன். வரிசை மதிலைச் சுற்றி வளைந்து கிடந்தது. இவரோ கால் மணித்தியாலத்தில் திரும்பிவிட்டார். சட்டையில் ஐஸ்கிரீம் சொட்டியிருந்தது. லேஞ்சி நான் அயன் பண்ணி மடித்த மடிப்புக் குலையாமல் இருந்தது. அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் நான் எழும்பிப் போக வேண்டி வந்திருக்கும்.

இன்று சாப்பிடும்போது கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ, உள்ளுக்குப் போனனீங்களோ?"

"போகாமல்?" தலை நிமிரவில்லை.

"அப்ப சொரூபம் என்ன நிறம்?"

"அதையெல்லாம் ஆர் பார்த்தது?"

பிறகு இரண்டு தரம் கேட்டுவிட்டார், ஒபரேஷன் எத்தனை மணிக்கென்று.

இப்போது சாமி அறையில் விளக்கு எரிகிறது. நான் கொளுத்தவில்லை.