லிப்டில் அழுதவள்

சனிக்கிழமை, கோத்தா திங்கி, மலேசியா.

லிப்ட் கேமராவில் பதிவாகும் காட்சிகளை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்று எங்கள் அடுக்குமாடிக் கூட்டத்தில் இன்று பேசினேன். தனியுரிமைக்கான எங்கள் சிறிய இயக்கத்தில் மூன்று வருடமாக இதைத்தான் பேசி வருகிறேன்.

"தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம் லா?" என்றார் குடியிருப்பாளர் சங்கத் தலைவர்.

"போன மாசம் ஒரு பொண்ணு லிப்டுல தனியா அழுததைப் போட்டீங்களே, அவ என்ன தப்பு பண்ணா?"

நான் பெயர் சொல்லவில்லை. இனிமேல் போடுவதில்லை என்று முடிவானது. சந்தோஷமாக வெளியே வந்தேன்.

படிக்கட்டில் வசந்தி நின்றிருந்தாள். வீடியோவில் அழுதவள் அவள்தான். அது வந்த நாளிலிருந்து ஏழாவது மாடிக்கு நடந்தே ஏறுகிறாள்.

"நல்லதுக்குத்தான் பேசுனீங்கக்கா. ஆனா மறந்துபோனவங்ககூட இன்னைக்குப் போன்ல தேடி எடுத்துப் பார்த்தாங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்று ஏறிப் போய்விட்டாள்.

இயக்கத்து நண்பர்கள் வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் என் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. சொன்னால் அவளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

அன்று ஏன் அழுதாள் என்று ஒருவரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. நாளை போய்க் கேட்கலாம். ஆனால் அதுவும் எட்டிப் பார்ப்பதுதானோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.