மாத்திரைக்கு முறை வைத்த அத்தைக்கு

என் அன்பு அத்தை,

பிஎச்.டி.க்கான வாய்மொழித் தேர்வு, அதுதான் வைவா, முடிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து உங்கள் மருமகள் டாக்டர். "ஊசி போடத் தெரியாத டாக்டரா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதேதான். திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாமா எனக்கு மாலை போட்டார். பார்த்தவர்கள் ஏதோ தேர்தலில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

வைவாவில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு மணி நேரம் என்னைக் குடைந்தெடுத்த வெளியூர்ப் பேராசிரியர் கடைசியில், "இதனால என்னம்மா பிரயோஜனம்?" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், "இதுல என்ன வெளையும் செல்வி?" என்று நீங்கள் கேட்டதும் இதைத்தானே?

"இப்போதைக்குத் தெரியாது சார். வெளைஞ்சா எங்க அத்தைக்குத்தான் மொதல்ல சொல்றதா இருக்கேன்" என்றேன். அரங்கமே சிரித்தது. என் ஆய்வு வழிகாட்டி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் என் அல்ஜீப்ரா ஆராய்ச்சியைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர் நீங்கள்தான். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும் சில அமைப்புகள் உண்டு, அவற்றைத்தான் ஆராய்கிறேன் என்றேன். "வாய்க்கால்ல முறை வெக்கிற மாதிரிதானே? இன்னிக்கி நம்ம வயலுக்குத் தண்ணி, நாளைக்கி பக்கத்து வயலுக்கு, மறுநாள் திரும்ப நமக்கு" என்றீர்கள். சபாஷ் என்று கைதட்டினேன். தினமும் போடச் சொல்லி டாக்டர் கொடுத்த இதய மாத்திரைக்கும் நீங்கள் அதே முறையை வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

பதினைந்து நாள் ஆகியும் பதினைந்து மாத்திரை அட்டையில் ஏழு மீதி. என் எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். "நெல்லே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணியில வெளையுது. நெஞ்சு மட்டும் என்ன ஒசத்தி?" என்றீர்கள். மாத்திரைச் செலவுக்காக என் உதவித்தொகையில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தீர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்தில் விழுந்தீர்கள்.

ஸ்டென்ட் வைத்த செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. அதற்கப்புறம்? மாதாமாதம் மாத்திரை, எக்கோ, தஞ்சாவூருக்குக் கார், உங்களோடு வந்ததால் மாமா வேலைக்குப் போகாத நாட்கள். ஆஸ்பத்திரி பில்லோடு இதய நோயின் செலவு முடிவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. திருப்பூரிலிருந்து என்னைக் கட்டிய உங்கள் மகன் அனுப்பியது போதவில்லை. நான் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தேன்.

நீங்கள் விட்டீர்களா? "நீ திரும்பப் படிக்கப் போகலேன்னா நான் திரும்ப முறை வெப்பேன், பாத்துக்க!" எப்படிப்பட்ட மிரட்டல் அத்தை அது! மாமா இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். நான் டியூஷனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் தினமும் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டுவீர்கள். "முழுங்கிட்டேன், பாத்துக்க. போ, பஸ்ஸப் புடி." போன தையில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். எல்லோரும் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. பிறகு மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். ஒன்றுகூட அதிகமில்லாமல் கணக்கு சரியாக இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

சரி, இன்று அழக் கூடாது. ஒரு புகார் இருக்கிறது. மாமாவுக்கு இப்போது பிரஷர் மாத்திரை. நேற்று அட்டையைப் பார்த்தால் ஒன்று அதிகம். "முறையா மாமா?" என்றேன். "டாக்டரம்மா, நல்லா எண்ணிப் பாத்தீங்களா?" என்று என்னையே மடக்குகிறார்!

கவலைப்படாதீர்கள். நாளையிலிருந்து மாமா வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் நான் பஸ் ஏறுவேன். இந்த வீட்டில் இனி முறை வாய்க்காலுக்கு மட்டும்தான். இது சத்தியம்.

நீங்கள் திரும்பப் படிக்க அனுப்பிய மருமகள்,
டாக்டர் செல்வி