ஒன்றாம் இடத்திற்கு வராத ஜீப்

அனுப்புநர்:
பிரிஸில்லா (வயது 43),
பில் எழுத்தர், மொத்த தானியக் கடை,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
வாழ்வுநலத் தரவரிசைத் திட்டம்,
திருவனந்தபுரம்.

பொருள்: மகிழ்ச்சியான வாழிடங்களின் பட்டியலில் முதலிடம் பெற்றதைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட மருத்துவ ஜீப்பை, பொன்முடித் தோட்ட லயத்துக்கு மீண்டும் அனுப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 21.04.2025, 19.05.2025, 07.07.2025 ஆகிய நாள்களில் தங்கள் அலுவலகத்துக்கு நான் நேரில் வந்தது.

மதிப்பிற்குரிய செயலர் அம்மையீர்,

1. என் அக்கா சரோஜம் (வயது 49) பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. கணவரை இழந்தவர். தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையாகக் கட்டிய, பதினான்கு வீடுகள் கொண்ட லயத்தில் கடைசி வீட்டில் தனியாக வசிக்கிறார். அவர் சார்பில் இம்மனுவை எழுதுகிறேன். மலையாளப் படியும் இணைத்திருக்கிறேன். ஆனால் அக்கா பேசியது தமிழில். அதைத் தமிழிலேயே தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2. 18.06.2024 அன்று தங்கள் திட்டத்தின் கணக்கெடுப்பாளர் ஷிபா என்ற இளம்பெண் லயத்துக்கு வந்தார். நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கி நான்கு கிலோமீட்டர் நடந்து வந்ததில் முழுக்க நனைந்திருந்தார். அக்கா துவர்த்து கொடுத்துத் தலை துவட்டச் சொல்லி, கட்டன்சாயா போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகுதான் கேள்வி. பத்துப் படிகள் உள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள்ள வேண்டும், உச்சிப்படி மிக நல்ல வாழ்க்கை, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அக்கா பத்து என்றார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னர் நான் சண்டையே போட்டேன். அக்கா சொன்ன பதில் இது: “அந்தப் பிள்ள கிடுகிடுன்னு விறைச்சுக்கிட்டு இருக்கு, கேட்டியா. அதுகிட்டப் போயி கூரை ஒழுகுது, முட்டு வலிக்குதுன்னா செல்லுவாவ? வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நம்ம கஷ்டத்தையா குடிக்கக் குடுக்கது?”

3. டிசம்பர் மாதம் பட்டியல் வெளியானது. லயம் ஒன்றாம் இடம். சாலையோரத்தில் ‘மகிழ்ச்சிக் குடியிருப்பு’ என்று மஞ்சள் நிறப் பலகை நட்டார்கள். நானும் அந்தச் செய்தியைக் கடையில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்கு முன்பு புதன், சனி இரண்டு நாளும் காலை பத்து மணிக்குத் தங்கள் திட்டத்தின் மருத்துவ ஜீப் ஒரு நர்ஸுடன் லயத்துக்கு வரும். மாத்திரை தருவார்கள். முடியாதவர்களை நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜனவரி முதல் அது வரவில்லை. பட்டியலில் பின்தங்கிய இடங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

4. 12.03.2025, புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் வலக்கை மரத்துப்போனது. வாய் ஒரு பக்கம் கோணியது. உடன் வேலை செய்தவர்கள் தாங்கிப் பிடித்து, சாலைக்கு இறக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளி வந்து நிற்கும் பஸ்ஸும் மதியத்துக்கு மேல்தான். கீழே ஊருக்குப் போன் செய்து அழைத்த வண்டிகள் எதுவும் மேலே வரச் சம்மதிக்கவில்லை. மூன்றரை மணி நேரம் அக்கா சாலையோரத்தில் கிடந்தார். பன்னிரண்டரை மணிக்கு ஒரு கார் வந்தது. மஞ்சள் பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு குடும்பத்தின் கார் அது. அவர்கள்தாம் படத்தையும் விட்டுவிட்டு, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அக்காவை நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பலகை இல்லாவிட்டால் அந்தக் காரும் இல்லை. எனக்குச் சாதகமில்லாத இந்த விவரத்தை விட்டுவிட்டால் மனு பொய்யாகிவிடும்.

ஆஸ்பத்திரி சேரும்போது மணி மூன்று. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கையைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஜீப் ஓடிய காலமாக இருந்தால் புதன்கிழமை பத்து மணிக்கு அது லயத்தில் நின்றிருக்கும். பன்னிரண்டரைக்குள் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். பில் எழுதும்போதும் போடுகிறேன். விடை மாறவில்லை.

5. அக்கா பிழைத்தார். பேச்சு திரும்பியது. வலக்கை திரும்பவில்லை. என்னோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு, வேலை போனால் லய வீடும் போகும் என்று மலைக்கே திரும்பிவிட்டார். இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் இடக்கையால் முடிந்ததைச் செய்கிறார்.

6. மனம் ஓரிடத்தில் நிற்காமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் லயத்துக்குப் போய், பதில் சொன்ன பதினொரு வீட்டுக்காரர்களையும் விசாரித்தேன். ஒன்பதும் பத்தும் சொன்னவர்களே அதிகம். பிச்சையா அண்ணன் பத்து சொன்னதற்குக் காரணம், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றது. சொர்ணம்மாள் அக்கா, குறைத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டாராம். ஒன்றும் நடக்காது என்று அந்தப் பெண் சொன்னாராம். “ஒண்ணும் நடக்காதுன்னா பத்தே இருந்துட்டுப் போட்டும்னு செல்லிட்டேன்” என்றார். ஒரு வீட்டில் மட்டும் அந்த வாரம் மகள் நர்ஸிங் பாஸாகியிருந்தாள். அந்தப் பத்து உண்மையான பத்து. அதை நான் ஆட்சேபிக்கவில்லை.

நான் வசிக்கும் ஆரியசாலை அதே பட்டியலில் அறுபத்தோராம் இடம். இங்கே குப்பை, சத்தம், ஓடை அடைப்பு என்று காலை முதல் எல்லோரும் குறை சொல்கிறோம். ஆனால் பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். குறை சொல்கிறவர்களுக்குக் கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது. லயத்தில் அந்த நம்பிக்கை இல்லாததால் பத்து சொல்கிறார்கள். தங்கள் பட்டியல் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

7. முதல் முறை வந்தபோது தங்கள் அலுவலக ஊழியர் திரு. கிரீஷ் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “சேச்சி, சிஸ்டத்துல உங்க லயம் ஒண்ணாம் இடமாக்கும். பின்னால கிடக்குற இடத்துக்குத்தானே ஜீப்பு போகணும்?” என்றார். இரண்டாம் முறை கொடுத்த விண்ணப்பத்துக்கு, ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று போனில் செய்தி வந்தது. மூன்றாம் முறை அவரே வராந்தா வரை வந்து, குரலைத் தாழ்த்தி, “அடுத்த சர்வே செப்டம்பர்ல வருது. அக்காகிட்டக் கொஞ்சம் குறைச்சுச் செல்லச் செல்லுங்க சேச்சி. மூணோ நாலோ. ஜீப்பு தன்னால வரும்” என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அன்று பஸ் ஏறாமல் ஆரியசாலை வரை நடந்தே வந்தேன். ஒரு ஜீப்புக்காக, வீட்டுக்கு வந்த பெண்ணிடம் மூன்று என்று சொல்லும்படி அக்காவைப் பழக்க வேண்டுமா? அக்காவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

8. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

பட்டியலில் எந்த இடமாக இருந்தாலும், லயத்துக்குப் புதனும் சனியும் ஜீப்பை அனுப்ப உத்தரவிட வேண்டும். ஜீப் வரும் நாள் வரைக்கும் மஞ்சள் பலகையை அகற்ற வேண்டாம். இப்போதைக்கு அதைப் பார்க்க வரும் கார்கள்தாம் அங்குள்ளவர்களுக்கு வண்டி.

கணக்கெடுப்பாளர் ஷிபாமீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். இம்மனுவால் அவருக்கு வேலை போனால் அக்கா என்னோடு பேசமாட்டார்.

செப்டம்பரில் கணக்கெடுப்பாளர் வரும்போது அக்கா என்ன எண் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவர் மனதில் பட்டதைச் சொல்லட்டும். அவர் எதைச் சொன்னாலும், அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு ஜீப் அங்கே நிற்க வேண்டும்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 04.08.2025

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பிரிஸில்லா