மேசைக் கண்ணாடிக்கு அடியில்

என்னங்க,

நேற்று நீங்கள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கத்தான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் வந்தேன். பத்திரம் எழுதும் உங்கள் மேசை துடைத்துவிட்ட தோசைக்கல் மாதிரி இருந்தது.

"டாக்டர் டென்ஷன குறைக்கச் சொன்னாருல்ல, கலைப்பிரியாதான் எல்லாத்தையும் ஒழிச்சிக் குடுத்துச்சு" என்றீர்கள். டைப் அடிக்கிற அந்தப் பெண், "சாருக்கு இனிமே பேஜாரே இல்லக்கா" என்று சிரித்தாள்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் புடவை நிறம்கூட நன்றாகத்தான் இருந்தது.

பதினாறு வருஷமாக வீட்டில் உங்கள் மேசையில் ஒரு தாளை நான் நகர்த்தியதில்லை. ஆயுத பூஜைக்குக்கூட நீங்களே துடைப்பீர்கள். பொட்டு வைப்பது மட்டும்தான் என் வேலை. அவளிடம் டிராயர் சாவியே இருக்கிறது.

திரும்பும்போது வாசலில் குப்பைக்கூடையைப் பார்த்தேன். டிபன் பாக்ஸில் நான் வைத்து அனுப்பிய துண்டுச்சீட்டுகள். 'மாத்திரை போடுங்க.' 'மல்லாட்டை சட்னி, காரம் கம்மி.' ஒரு கசங்கல் இல்லை. இத்தனை வருஷம் அந்த ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறீர்கள். என்னிடம் சொன்னதே இல்லை. அவள் அள்ளிப் போட்டபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் இன்றைய டிபன் பாக்ஸில் வருகிறது. படித்துவிட்டு அதே கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அடுத்த முறை துடைக்கும்போது அவளும் படிக்கட்டும்.

மாத்திரை மேல்தட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
பொட்டு மட்டும் வைக்கிறவள்