சீனுவின் அம்மாவிடம் சொன்னது

செவ்வாய், இரவு.

தம்பி சேகர் வளைகுடா நாடு ஒன்றில் சமையல்காரன். அந்த நாடு தன் நட்பு நாட்டு விமானப்படைக்கு விட்டுக்கொடுத்திருக்கும் தளத்தில் வேலை. நேற்று அங்கே ஏவுகணை விழுந்தது. அவன் தப்பிவிட்டான். கூட வேலை பார்த்த சீனு இறந்துவிட்டான்.

காலையில் போனில் அழுதான். “விமானத்தையெல்லாம் முன்னாடியே வேற ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்கக்கா. எங்களைத்தான் விட்டுட்டாங்க. சீனு அம்மாகிட்ட நீ நேர்ல போய்ச் சொல்லு.”

இதே ஊரில் குகட்பள்ளியில் இருக்கும் சீனு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே அந்த அம்மா, “மீ தம்முடு பாகுன்னாடா?” என்று தம்பியைத்தான் விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்று சொல்ல வாய் கூசியது. எனக்குத் தெரிந்த தெலுங்கில் எப்படியோ சொல்லி முடித்தேன். அழுது ஓய்ந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தம்பியையாவது வரச் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்து போனில் தம்பியிடம் சொன்னேன்.

“எப்படிக்கா வர்றது? சீனு வேலையையும் இப்ப நான்தான் பாக்கறேன்” என்றான்.