சின்ன லவா, பெரிய ளவா

அன்புள்ள நண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, கீழ்வீட்டு அத்தை மூன்று பேரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் ஏணியைப் பார்த்தாலே முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கிச் சௌக்கியமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை, அதனால் எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே கேட்டு ஆரம்பிக்கிறேன்.

போனில் கேட்க வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறாய் என்பாய். போனில் பேசியதால்தான் இந்த வாரம் முழுக்க இங்கே இந்தக் கூத்து. நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. கட்டடப் பொறியியலில் நீ எழுத வேண்டிய தேர்வெல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் உன் துறைக்கு வெளியே சில பொதுப் பாடங்களும் படித்தால்தான் பட்டம் என்பது கல்லூரியின் விதி, அதில் ஒன்று பாக்கி, இடம் இருப்பது ஒரே ஒரு வகுப்பில், மாதக் கடைசிக்குள் பதியாவிட்டால் பட்டம் கிடையாது. நீயோ, தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போடறவளுக்கு இதெல்லாம் எதுக்கும்மா, வேலை தர்றேன்னு சொன்ன கம்பெனியில பட்டத்தையே கேக்கல, நான் பேசாம போய்ச் சேந்துடறேன் என்றாய். அது என்ன பாடம்டா என்று அப்பா எட்டிக் கேட்டார். நீ ஒரு சொல் சொன்னாய், லைன் போய்விட்டது.

அந்தச் சொல் எங்கள் இரண்டு பேர் காதிலும் ஒளியியல் என்று விழுந்தது. அதற்கப்புறம் உங்கப்பாவைப் பிடிக்க முடியவில்லை. மேடைக்கு விளக்குப் போடுகிற மனிதரிடம் மகள் வெளிச்சத்தைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்றால் கேட்க வேண்டுமா. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதே பேச்சு. இத்தனை வருஷமா வெளிச்சத்தோட குடும்பம் நடத்தறேன், அது யாரு என்னன்னு ஒரு நாள் விசாரிச்சதில்ல என்று வருத்தம் வேறு. நூலகத்தில் ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் எடுத்து வந்தார். மேடைவிளக்குக்குப் போடும் பச்சைத் தாளைச் சமையலறை பல்பில் சுற்றி, கூடையில் இருந்த தக்காளியெல்லாம் கறுத்துப் போனதை எனக்குக் காட்டினார். கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் கரண்டி உடைந்த மாதிரி தெரிவதை அத்தைக்குக் காட்ட, அத்தை கரண்டியை வெளியே எடுத்துத் துடைத்து, ஒடையலையே அண்ணா, பொண்ணைப் படிக்கச் சொன்னா நீங்க படிச்சுக்கிட்டு இருக்கீங்க, பட்டத்தை யாருக்குக் குடுப்பாங்க என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நானும் சும்மா இல்லை. ஒரு கல்லூரி எதற்கு இப்படி ஒரு விதி வைக்கும் என்ற யோசனையிலேயே இருந்தேன். அச்சகத்தில் இந்த வாரம் என் மேசைக்கு வந்த புரூஃப் என்ன தெரியுமா, தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கையேடு, கண்நோய் பற்றி ஒரு மருத்துவரின் புத்தகம், ஒரு கப்பல் சமையல்காரரின் பயண நினைவுகள். எதையும் நான் கேட்டு வாங்கிப் படிப்பதில்லை. எழுத்துப்பிழை பார்க்கத்தான் படிக்கிறேன், விஷயம் அதுபாட்டுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும், ஆனால் ஏதாவது ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. எது ஒட்டும் என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. உன் கல்லூரிக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியிருப்பார்களே. இது என் ஊகம்தான், அங்கே யாரையாவது கேட்டுச் சொல்.

வியாழக்கிழமை உன் செய்தி வந்தது. வகுப்பின் பெயர் ஒலியியல், பேச்சொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன, காது அவற்றை எப்படிப் பிரிக்கிறது, மொழித்துறை நடத்துகிறது, நான் சேரப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். நான் முதலில் பார்த்தது உன் முடிவை இல்லை, அந்த லகரத்தை. அச்சில் ஒரு ளகரம் இடம் மாறினால் அடுத்த அறையிலிருந்தே எனக்கு உறுத்தும், காதில் விழுந்ததைக் கோட்டை விட்டிருக்கிறேன். அப்பா எதிரே உட்கார்ந்து எங்கிருந்தோ வாங்கி வந்த, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், உனக்கு அனுப்புவதற்காம். சொல்லத்தான் வேண்டியிருந்தது. கேட்டும் அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. பிறகு, சின்ன லவா, பெரிய ளவா என்றார். சின்ன ல என்றேன். அட கடவுளே, நாலு நாளா தப்பான பாடத்துக்குப் படிச்சிருக்கேன் என்று சொல்லிக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் அந்த மனிதர் அப்படியே விட்டுவிடுகிறவரா. தட்டைக் கழுவிக்கொண்டே ல, ள, ல, ள என்று முணுமுணுத்தார். திடீரென்று திரும்பி, ஏம்மா, வாய்க்குள்ள இது ரெண்டும் எங்க நடக்குது என்றார். இத்தனை வருஷமாக இந்த இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றித் திருத்திச் சம்பளம் வாங்குகிறேன், நாக்கு எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேடைக்கு மேலே ஏறும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்வாரே, அந்தச் சின்ன டார்ச்சை எடுத்து வந்தார். நான் வாயைத் திறந்து நிற்க அவர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ல சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. ள சொல்லும்போது நாக்கு பின்னால் மடிகிறது, அடிப்பக்கம் தெரியுது, அடிப்பக்கம் தெரியுது என்று கத்தினார். சத்தம் கேட்டு மேலே வந்த அத்தை, அண்ணிக்குப் பல்வலியா என்றாள். அவளையும் பிடித்து உட்கார வைத்தோம். ழ சொல்லச் சொன்னால் அவளுக்கு வரவில்லை, மழையை மளை என்றே சொன்னாள். நாக்கு எதிலயும் படக் கூடாது, அந்தரத்துல நிக்கணும் என்று அப்பா சொல்ல, அந்தரத்துல நின்னு வேலை பாத்துப் பழக்கம் உங்களுக்குத்தான் அண்ணா, எனக்குத் தரை வேணும் என்றாள். சிரித்துச் சிரித்து டார்ச் கீழே விழுந்தது. கடைசியில் ஒரு தடவை சொல்லிவிட்டாள், மழை என்று, சொல்லிவிட்டு அவளே பயந்து போனாள்.

இவ்வளவு பார்த்த பிறகும் ஒன்று புரியவில்லை. நேருக்கு நேர் நீ ஒலி என்று சொல்லியிருந்தால் ஒளி என்று கேட்டிருக்க மாட்டோம். போனுக்குள் போனதும் அந்த வித்தியாசம் எங்கே போகிறது, நாக்கு செய்த வேலையைக் கம்பி தின்றுவிட்டதா, அல்லது அப்பா ஆசைப்பட்டதை அப்பாவின் காது கேட்டதா, அப்படியென்றால் என் காது ஏன் அதையே கேட்டது. இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. உனக்கு ஒரு வகுப்பே இருக்கிறது, ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கம்பெனியில் இன்றைக்குப் பட்டத்தைக் கேட்கவில்லை, அடுத்த கம்பெனியில் கேட்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. அத்தனை தேர்வும் எழுதிவிட்டு ஒரே ஒரு வகுப்புக்காகக் கதவுக்கு வெளியே நிற்பாய் என்பதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. ஆனால் நீ தவழ்ந்த காலத்திலேயே நேராக வா என்றால் பக்கவாட்டில் போனவள், அதனால்தானே அப்பா உனக்கு நண்டு என்று பெயர் வைத்தார். இப்போது நேர்வழிதான் வேண்டும் என்று நீ அடம்பிடிப்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

முக்கோணக் கண்ணாடி இதோடு வருகிறது, பாடத்துக்கு உதவாது, ஜன்னலில் வை. தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. எங்கே சேர்ந்தாலும் எதில் சேர்ந்தாலும் நல்லது உன்னைத் தேடி வரட்டும், அப்பாவும் அத்தையும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மறக்காதே. மாதக் கடைசியன்று போன் செய், விளக்கமெல்லாம் வேண்டாம், ஒரே ஓர் எழுத்து சொல். சேர்ந்துவிட்டால் சின்ன ல, சேரவில்லையென்றால் பெரிய ள. எது என்று கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார் அப்பா. நீ எதைச் சொன்னாலும் அவர் காதில் எது விழும் என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் நிறுத்தி, நாக்கைச் சரியான இடத்தில் வைத்துச் சொல்.

உன் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்
அம்மா